சுவரோரத்தில் ஒரு விரல் இடம்

இது நடந்தபோது நான் அந்த ஊரில் இல்லை. வெண்ணாங்குடி நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கும் ஓர் அக்கா, ஒரு பயிற்சி வகுப்பில் எட்டு நாள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, மதியச் சாப்பாட்டு நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. அவருக்குச் சொன்னது, இது யாருக்கு நடந்ததோ அந்த அமலோற்பவமே. இரண்டு வாய் மாறி வந்ததில் ஏதாவது உதிர்ந்திருக்கலாம், ஏதாவது ஒட்டியிருக்கலாம். பிறகு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் நேரில் போய்ப் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெண்ணாங்குடியில் மீன் மார்க்கெட்டுக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே நகராட்சியின் உள்விளையாட்டரங்கம் இருக்கிறது, நான்கு ஷட்டில் கோர்ட்டுகளை அடக்கிய தேக்குப் பலகைத் தரையோடு. ஒரு வருஷம் வைகாசிப் புயலில் கூரைத் தகரம் பிய்ந்து, ஒன்பது நாள் மழைத்தண்ணீர் உள்ளேயே நின்று, பலகை ஒவ்வொன்றும் ஓரம் தூக்கி நடு குழிந்து போனது. அதைச் சரிசெய்ய வந்தவர்கள்தான் சவரிநாதனும் அவர் மனைவி அமலோற்பவமும். இருபத்திரண்டு வருஷமாக இருவருக்கும் மரத்தரை வேலைதான், வேறு வேலை தெரியாது. சவரி மெஷின் ஓட்டுவார். உருளையில் உப்புத்தாளைச் சுற்றி, முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நடுத்தரம், பிறகு நைசு என்று தரையின் பழைய தோலை முழுக்க உரித்தெடுப்பார். அமலோற்பவம் பாலிஷ் போடுவாள். காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, மேற்குச் சுவரில் ஆரம்பித்து, பின்னாலேயே நடந்து நடந்து கதவு வழியாக வெளியே வருவாள். இருபத்திரண்டு வருஷத்தில் எந்தத் தரைக்கும் முதுகைக் காட்டி அவள் வெளியேறியதில்லை.

சவரிக்கு ஒரு வழக்கம் உண்டு. மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், அதற்காகச் சுவரோரம் நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் இடம் விட்டே பலகை அடிப்பார்கள். வேலை முடியும் நாளில் அவர் அரங்கத்தைச் சுற்றிக் குந்திக் குந்திப் போய், நாலடிக்கு ஒரு தரம் தன் ஆள்காட்டி விரலை அந்தச் சந்தில் விட்டுப் பார்ப்பார். விரல் போனால் எழுந்துகொள்வார். போகாத இடத்தில் உளி வைப்பார். அதற்கு அப்புறம்தான் சந்தை மூடிக் காற்றோட்டத் துளையுள்ள நீளமான பட்டைச் சட்டத்தை அடிப்பார்கள். விரல் வைக்காமல் அவர் எந்தத் தரையையும் விட்டதில்லை.

ஆனால் வெண்ணாங்குடியில் வேலை முடியும் வாரத்தில் சவரி ஆஸ்பத்திரியில் இருந்தார். இருபத்திரண்டு வருஷத்து மரத்தூள் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. நாலு வாசலுக்கு அப்பால் கேட்கும் ஒரு இருமல், இருமல் அடங்கினால் ஒரு விசில், விசில் அடங்கினால் மறுபடி இருமல். படுத்தால் மூச்சு வராது என்பதால் ஐந்து வருஷமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினார். அவர் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் காலையில்தான் விளையாட்டு அலுவலர் கோவர்த்தனன் அரங்கத்துக்கு வந்தார்.

"என்னம்மா இது, சுவரச் சுத்தி அகழி வெட்டி வச்சிருக்கீங்க?"

"அது இடம் விடணும் சார். மேல அடிக்கிற பட்டை இன்னும் வரல. வந்தா மூடிடும்."

"பட்டை எப்ப வரும்?"

"பதினஞ்சு நாளு ஆவும்னாங்க சார்."

"நாளான்னிக்குத் திறப்பு விழா. மந்திரி வர்றாரு. வர்றவங்க செருப்பு கழட்டி வச்சிட்டு ஓரமாத்தான் நிப்பாங்க, மொதல்ல கண்ணுல படுறதே இதுதான். வேல அரைகுறைன்னு எழுதுறதா, முடிஞ்சுதுன்னு எழுதுறதா? நீயே சொல்லு."

"மழைக்கு மரம் உப்பும் சார்."

"மழை ஐப்பசிலம்மா. இப்ப ஆவணி."

அவர் போன பிறகு அமலோற்பவம் கணக்குப் போட்டாள். வேலை முடிப்புச் சான்றிதழில் கையெழுத்து விழாவிட்டால் சவரியின் பெயர் அடுத்த வேலைக்கு இருக்காது, பட்டை வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். மெஷின் பையில் சேர்ந்திருந்த அதே தரையின் தூளை எடுத்து, பசை விட்டுப் பிசைந்து, மக்கு செய்தாள். பலகையின் பொத்தல்களுக்கு வைக்கிற அதே மக்குதான். அதே மரத்தின் தூள் என்பதால் நிறம் சொட்டு மாறாது. மேற்கில் ஆரம்பித்து, தெற்கு, கிழக்கு, வடக்கு என்று சந்து முழுவதையும் அடைத்து, கரண்டியால் அழுத்தி, காய்ந்ததும் தேய்த்து, மேலே பாலிஷும் போட்டாள். எங்கே பலகை முடிந்தது, எங்கே மக்கு ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வேலையைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் அவள் மறைக்காமல் சொன்னதாக அக்கா சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சவரி கதவோரத்தில் நின்றார். கடைசிக் கோட் பாலிஷ் ஈரமாக இருந்ததால் உள்ளே கால் வைக்க முடியாது.

"விரல் வச்சுப் பாத்தியா?"

"ம்," என்றாள் அமலோற்பவம்.

பதினைந்து நாளில் பட்டை வந்தது. தினம் ஆட்கள் விளையாடிக்கொண்டிருந்த தரையில், எல்லோர் எதிரிலும் மக்கை உளியால் உடைத்தெடுக்க அவளுக்குக் கை வரவில்லை. பட்டையை அதன் மேலேயே அடித்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் தரை மூச்சுவிட ஆரம்பித்தது.

முதலில் பார்த்தது பயிற்சியாளர். கீழே கிடந்த இறகுப்பந்து தானாக மேலே எழும்பி, கொஞ்சம் நின்று, தானாக இறங்கியது. நாலு எண்ணும் நேரம் தரையின் நடுப்பாகம் இரண்டு விரல் உயர்ந்தது, நாலு எண்ணும் நேரம் தாழ்ந்தது, பிறகு மறுபடி உயர்ந்தது.

"சார், தரை மூச்சு விடுது சார்," என்றான் ஒரு பையன் பயிற்சியாளரிடம்.

"விட்டா விடட்டும். நீ சர்வீஸ் போடு."

அந்த வாரத்திலேயே பிள்ளைகள் தரை இறங்கும்போது சர்வீஸ் போடவும் ஏறும்போது குதித்து அடிக்கவும் பழகிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஆட வந்து, கால் வாகு பிடிபடாமல் தோற்று, "உங்க தரை உங்களுக்கு ஆடுதுடா" என்று சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். நகராட்சிப் பொறியாளர் ரசமட்டக் குழாயோடு வந்து ஒரு பகல் முழுக்க அளந்து, பலகையின் இயல்பான அசைவு, விளையாட்டுக்கு இடையூறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஒருவர் மெழுகுவர்த்தியும் ஒருவர் கற்பூரமும் ஒருவர் ஊதுபத்தியும் கொண்டுவந்தார்கள்; பாலிஷ் தீப்பிடிக்கும் என்று கோவர்த்தனன் மூன்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஆட்டோக்காரர்கள் மூச்சு ஹால் என்றார்கள், அதுதான் நின்றது.

பிறகு ரஹ்மத் வந்தாள். மீன் மார்க்கெட் சந்தில் இடியாப்பம் விற்கிறவள். அவளுடைய ஏழு வயது மகள் ஷிபாவுக்குப் பிறந்ததிலிருந்து வீசிங். ஒருநாள் பகலில் வெயிலுக்கு ஒதுங்கி அரங்கத்துக்குள் நுழைந்தபோது பிள்ளை தரையில் படுத்துத் தூங்கிவிட்டது. தரை ஏறும்போது அதன் நெஞ்சு ஏறியது, இறங்கும்போது இறங்கியது, விசில் இல்லை. அடுத்த நாள் ரஹ்மத் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். அதற்கடுத்த நாள் பதினோரு பேர். ஒரு மாதத்தில் வீசிங் பிள்ளைகள், பீடி இழுத்து நெஞ்சு போன கிழவர்கள், உப்பளத்துப் பெண்கள், பிரசவம் நெருங்கியவர்கள், பரிட்சை பயத்தில் தூக்கம் வராத மாணவர்கள் என்று ஊரே அந்தத் தரையில் படுத்து எழுந்தது. படுத்தவர்களின் மூச்சு வீட்டுக்குப் போன பிறகும் அதே அளவில் ஓடியது. கோவர்த்தனன் வாசலில் பலகை எழுதி மாட்டினார்: "மூச்சு நேரம் பகல் 11 முதல் 1 வரை. சாக்ஸ் கட்டாயம். ஒருவர் மேல் ஒருவர் படுக்கக் கூடாது." அவரும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் படுத்துவிட்டுத்தான் அலுவலகம் போனார்.

சவரியும் படுத்தார். முதல் நாள் மேற்குச் சுவரோரம் தயங்கித் தயங்கி முதுகைச் சாய்த்தவர், ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, மல்லாந்து படுத்துத் தூங்கினார். இருமல் போயிற்று. விசில் போயிற்று. ராத்திரிச் சோறு இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தரையின் பராமரிப்பு வேலையும் அவர்களிடமே இருந்ததால் தினமும் காலையில் பஞ்சு மாப்பால் தூசி இழுக்கும்போது சவரி சன்னமாக ஏதாவது பாட்டு முணுமுணுப்பார். பாடுகிற அளவுக்கு அவரிடம் காற்று இருந்ததை அமலோற்பவம் மறந்தே போயிருந்தாள்.

"யக்கா, ஊரே படுக்குது, நீ மட்டும் ஏன் பெரிய அதிகாரி மாதிரி நிக்கிற? வா, ஒரு தரம் சாஞ்சு பாரு," என்றாள் ரஹ்மத்.

"வேல கெடக்கு ரஹ்மத்து."

"நீ போட்ட பாலிஷ்ல நீ படுக்க மாட்டியா? சமைச்சவ சாப்பிடாத சோறு மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அமலோற்பவமும் சிரித்தாள். ஆனால் அவளால் அந்தத் தரையைப் பார்க்கவே முடியவில்லை. ஓரத்தில் நீட்டி மடக்க இடம் கிடைத்திருந்தால் மரம் யாருக்கும் தெரியாமல் அங்கேயே அசைந்திருக்கும். ஓரம் அடைபட்டதால்தான் நடு எழும்புகிறது. ஊர் பார்த்தது அற்புதம். அவள் பார்த்தது, வாயையும் மூக்கையும் பொத்தி வைத்த ஒருவருடைய நெஞ்சு.

ஐப்பசி பிறந்து மழை பிடித்த நாலாம் நாள், பகல் பதினொன்றரைக்கு அவள் மீன் மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். மீன் அறுக்கிறவள் கத்தியை மீனின் கழுத்தில் வைத்தபடி அப்படியே நின்றாள். பேரம் பேசிய கிழவர் வாய் திறந்தபடி நின்றார். டீ மாஸ்டர் உயரத் தூக்கிய குவளையிலிருந்து டீ மட்டும் இறங்கி, கிளாஸ் நிரம்பி, வழிந்து, மேசையிலிருந்து சொட்டியது. மார்க்கெட்டில் எல்லோருடைய நெஞ்சும் தூக்கி நின்றது. மழையும் காகங்களும் கூடையை முகர்ந்த ஒரு நாயும் தவிர எதுவும் அசையவில்லை. தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அமலோற்பவம் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பதினொன்று எண்ணியபோது மார்க்கெட் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. அந்தக் காற்றில் தலைக்கு மேலிருந்த பிளாஸ்டிக் தார்ப்பாய் படபடத்தது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? வெட்டவா வேணாமா?" என்றாள் மீன்காரி, எதுவுமே நடக்காததுபோல. அவளுக்கு எதுவும் நடந்திருக்கவில்லை.

இரண்டாவது தடவை வீட்டில். சாப்பிட உட்கார்ந்த சவரி சோற்றைப் பிசைந்தபடி நின்றுபோனார். கண் திறந்திருந்தது. பத்து எண்ணியபோது அவர் உதடு கருக்க ஆரம்பித்தது, பதினைந்தில் நகம் கருத்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள், முதுகில் குத்தினாள், பெயர் சொல்லிக் கத்தினாள்; கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பத்தொன்பதில் மூச்சு வந்தது.

"ஏன் புள்ள அழுவுற?" என்றார் சவரி. "கொழம்பு நல்லாத்தான் இருக்கு."

அப்போது அவள் சொல்லிவிட்டாள். மார்க்கெட்டில் பார்த்ததையும், இப்போது பார்த்ததையும், மக்கையும்.

சவரி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்தப் பக்கம்?"

"நாலு பக்கமும்."

"நாலு பக்கமுமா?"

"ம்."

"விரல் வச்சேன்னு சொன்னியே அமலு."

அவர் எழுந்து கை கழுவினார், துடைத்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"அறுத்துடலாங்க. நாளைக்கே அறுத்துடலாம்," என்றாள்.

"அறுத்தா இந்த மூச்சு நிக்குமே."

"நின்னாத்தான் என்ன? இப்ப நீங்க நின்னீங்களே, அத நான் பாத்தேன்."

சவரி தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்றரை மாசமா நான் மனுசன் மாதிரி தூங்குறேன் அமலு. மழை விட்டா மரம் தானா சுருங்கிடும். கார்த்திகை வரைக்கும் பாக்கலாம்."

மழை முழுசாகப் பெய்து ஓயும் வரை மரம் சுருங்காது, அது இன்னும் இரண்டு மாதம் உப்பும் என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மரத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. அன்றைக்குத்தான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அவள் தனியாகவே கோவர்த்தனனிடம் போனாள். தான் அடைத்தது தப்பு, தரை தாங்காது, ஊருக்கே ஆபத்து என்று சொன்னாள்.

"இப்படி எல்லாரும் மூச்சடக்கி நின்னா எங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியலையே."

"நிக்கிறவங்களுக்குத் தெரியாது சார்."

"உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"நான் அதுல படுக்கல சார்."

கோவர்த்தனன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அடுத்த மாசம் மாநிலப் போட்டி. இந்தத் தரையப் பாக்கவே வர்றாங்க. நீ அதுல உளி வைக்கணும்ங்குற. வெளிய போய் அந்தத் தாய்மாருங்ககிட்ட சொல்லிப் பாரு. அவங்க சரின்னா நான் சரி."

அவள் சொல்லிப் பார்த்தாள். மூச்சு நேரத்துக்குக் காத்திருந்த வரிசை அவளைச் சுற்றிக்கொண்டது.

"எம் புள்ள பொறந்ததுலேருந்து ஒரு ராத்திரி படுத்துத் தூங்குனதில்ல," என்றாள் ரஹ்மத். அவள் குரல் உயரவில்லை. "இப்பத் தூங்குது. உனக்குப் புள்ள இல்லக்கா, உனக்குத் தெரியாது. அந்தச் சுவரோரம் உளியோட உன்னப் பாத்தேன், நான் மனுசியா இருக்க மாட்டேன்."

அதன்பிறகு பெண்கள் முறை வைத்து அரங்க வாசலில் உட்கார்ந்தார்கள். பஞ்சு மாப்போடு வரும் அமலோற்பவத்தின் பையை ஒவ்வொரு காலையும் திறந்து பார்த்தார்கள்.

கார்த்திகை முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று நாளாக விடாமல் மழை. பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் மறுபடியும் கெஞ்சிப் பார்க்க நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், தட்டச்சுச் சத்தம் நின்றதைக் கேட்டு நிமிர்ந்தாள். எனக்கு இதைச் சொன்ன அக்காவின் விரல் ஒரு பொத்தானை அழுத்தியபடியே நின்றிருந்தது. திரையில் ஒரே எழுத்து, ந, ந, ந என்று வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறையில் கோவர்த்தனன் டீ கிளாஸை உதட்டில் வைத்தபடி இருந்தார். (அக்காவுக்கு இதில் எதுவும் நினைவில்லை. அன்றைக்கு ஒரு கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் ந இருந்ததை அழித்தது மட்டும் நினைவிருக்கிறது.)

இருபது எண்ணியும் மூச்சு வரவில்லை. அமலோற்பவம் ஓடினாள்.

ஆட்டோ நிலையத்தில் டிரைவர்கள் ஸ்டியரிங்கில் கைவைத்து நின்றிருந்தார்கள். நாற்சந்தியில் ஒரு போலீஸ்காரர் கையைத் தூக்கியபடி நின்றார். ஓடிக்கொண்டிருந்த ஒரு வேன் தானாக மெதுவாகி, தடுப்பில் இடித்து நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆடுகள் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தன, மழை பெய்துகொண்டிருந்தது, அந்த ஊரில் மூச்சு வாங்கிய ஒரே மனுஷி அவள். அவளுடைய மூச்சு அவளுக்கே பெரிய சத்தமாகக் கேட்டது. நாற்பது. ஐம்பது.

அரங்க வாசலில் அன்றைய முறைக்குக் காவல் இருந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் கை அமலோற்பவத்தை நோக்கித் திரும்பும் வாக்கில் நின்றிருந்தது. அவள் அந்தக் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

தரை முழங்கால் உயரத்துக்கு மேடாகியிருந்தது. அதன் சரிவுகளில் அறுபது எழுபது பேர் மல்லாந்து கிடந்தார்கள், எல்லோர் நெஞ்சும் தூக்கியபடி, எல்லோர் உதடும் ஒரே கருநீலமாக. ரஹ்மத் மகளின் கையைப் பிடித்தபடி கிடந்தாள். மேற்குச் சுவரோரம் சவரி. பலகைகளின் இணைப்புகள் முனகின.

சாமான் அறையிலிருந்து நெம்புகம்பியும் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, முதலில் அடைத்த அதே மேற்குச் சுவருக்குப் போனாள். பட்டையை நெம்பினாள், ஆணியோடு பிய்ந்தது. எழுபது. மக்கில் உளியை வைத்து அடித்தாள். உளி வழுக்கியது. மறுபடி அடித்தாள். பலகை எங்கே, மக்கு எங்கே என்று தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக அடைத்திருந்தாள். பொடிப்பொடியாகத்தான் வந்தது. எண்பது. தொண்ணூறு. பக்கத்தில் கிடந்த சவரியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவுசெய்து, பார்த்தாள். அவர் கண் திறந்திருந்தது, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை நீட்டி, தான் கொத்திய பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். நகம் மட்டும்தான் போயிற்று. விரலை எடுத்துவிட்டு அடித்தாள். நூற்றுப் பத்துக்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.

உளி சடக்கென்று கைப்பிடி வரை உள்ளே போனது. அந்தத் துளை வழியாக, மழைக்கால அலமாரியைத் திறந்த மாதிரி புழுங்கிய வாடையோடு, காற்று சீறிக்கொண்டு வந்தது. அடைத்த மக்கு அந்த விசையில் மேற்குச் சுவர் நெடுக உடைந்து தூளாகத் தெறித்தது. மேடு இறங்கியது. படுத்திருந்தவர்கள் எல்லோரும் அதோடு இறங்கினார்கள். தூள் பனிமாதிரி எழும்பி ஒருவர் முகமும் தெரியவில்லை. வெளியே, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்ட சத்தம் அலை மாதிரி வந்து போனது.

அந்தத் தூளுக்குள் அமலோற்பவம் காது கொடுத்து நின்றாள். பிள்ளைகள் அழுதார்கள், பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேற்குச் சுவரோரம் மட்டும் சத்தம் இல்லை. பிறகு கேட்டது. நாலு வாசலுக்கு அப்பால் கேட்கும் அந்த இருமல். இருமலுக்குப் பின்னால் விசில்.

அவள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

தூள் அடங்கியபோது ஊர் பார்த்தது, தட்டையான, அசையாத ஒரு தரையையும், பிய்ந்த சுவரோரத்தையும், உளியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணையும்தான். தாங்கள் நின்றது யாருக்கும் நினைவில்லை. ஷிபாவின் நெஞ்சில் விசில் திரும்பியிருந்தது. ரஹ்மத் கிட்டே வந்தாள், அமலோற்பவம் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். ரஹ்மத் அடிக்கவில்லை.

"கேளு," என்று பிள்ளையின் நெஞ்சை அமலோற்பவத்தின் காதோடு அணைத்து வைத்தாள். "நல்லாக் கேளு. இது நீ செஞ்சது." பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

மீதி மூன்று பக்கத்தையும் அமலோற்பவமே உடைத்துத் திறந்தாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் பேசவுமில்லை. சவரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உடைத்து முடித்ததும் அவர் எழுந்து, இருமி இருமி, நாலடிக்கு ஒரு தரம் விரல் வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் போயிற்று. அவள் அந்தத் தரைக்கு முதுகைக் காட்டி வெளியே வந்தாள். அதன்பிறகு அவர்களை யாரும் அந்த ஊரில் வேலைக்குக் கூப்பிடவில்லை. பக்கத்து ஊருக்குக் குடிபோனார்கள். சவரி இப்போதும் உட்கார்ந்துதான் தூங்குகிறார் என்று அக்கா சொன்னார்.

நான் போய்ப் பார்த்தது இதுதான். பயிற்சி முடிந்த மாதம் வெண்ணாங்குடி நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அரங்கத்துத் தரையைத் திரும்பத் தேய்த்துப் பாலிஷ் போடும் தவணை வந்திருந்தது. அறிவிப்புப் பலகையில் அந்த வேலைக்கான தாள் ஒட்டியிருந்தது. அதில் நாலாவது இனம்: "பொதுமக்கள் கோரிக்கையின்படி, சுவரோர இடைவெளியை நான்கு பக்கமும் மக்கு கொண்டு நிரப்புதல்." கோரிக்கை மனுவை அக்கா எடுத்துக் காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அமலோற்பவத்திடம் அக்கா இதைப் பற்றிக் கேட்டபோது, "எங்க வீட்ல யாரும் அதுல கையெழுத்துப் போடல" என்று சொன்னாளாம். முதல் பக்கத்தில் முதல் பெயர் ரஹ்மத்துடையது. மூன்றாவது வரியில் அ. சவரிநாதன் என்று இருந்தது. வேறு யாராகவாவது இருக்கலாம் என்று, பழைய கோப்பிலிருந்து சவரி கையெழுத்துப் போட்ட வேலை முடிப்புச் சான்றிதழை வாங்கி, இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான்.